சிவப்பு மட்டும் ஏன் முதலில் வெளுக்கிறது?

லேப்_எலி
செவ்வாய், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். நாகமலைப் பக்கம் ஒரு சின்ன லேபில் பிஹெச்டி மூன்றாம் வருடம். எங்களிடம் டிஎன்ஏ எழுத்துகளை வாசிக்கிற பெரிய சீக்வென்ஸர் எதுவும் கிடையாது. ஒரு பழைய ஃப்ளூரசென்ஸ் மைக்ரோஸ்கோப், அதில் பச்சைக்கு ஒரு எல்இடி, சிவப்புக்கு ஒரு எல்இடி, 60 மடங்கு ஆயில் லென்ஸ், ஒரு கேமரா, அவ்வளவுதான். கண்ணாடித் தகட்டில் நாங்களே ஒட்டிச் செய்த ஃப்ளோ செல்லில் (திரவம் ஓடுகிற மெல்லிய அறை) பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற, ஒன்றையொன்று இறுகப் பிடிக்கிற ஜோடியை வைத்து டிஎன்ஏ இழைகளைப் புள்ளி புள்ளியாகப் பதித்திருக்கிறோம், ஒரு புள்ளியில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். சாயம் கட்டிய நியூக்ளியோடைடை, அதாவது டிஎன்ஏவின் ஓர் எழுத்தை விட்டு, இழையில் ஒன்று சேர்ந்ததும் படம் எடுத்து, டிசிஇபி விட்டுச் சாயத்தை வெட்டிக் கழுவிவிட்டு அடுத்த சுழற்சிக்குப் போகிறோம். சாயம் இரண்டுதான், பச்சைக்கு சை3, சிவப்புக்கு சை5.

20 சுழற்சியாவது ஓட்ட வேண்டும். ஆறாவது சுழற்சியிலேயே சிவப்பு மங்கி, பின்னணியோடு கலந்துவிடுகிறது. பச்சை பரவாயில்லை, மெதுவாகத்தான் இறங்குகிறது. கைடிடம் காட்டினால் "போட்டோபிளீச்சிங்தான், வெளிச்சம் பட்டு வெளுக்கிறது, ஆன்டி-ஃபேட் ஏதாவது வாங்கிப் போடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மூன்று மாதமாக, ஆக்சிஜனை நீக்குகிற குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் நொதிக் கலவை, டிரோலாக்ஸ் எல்லாம் போட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் தேவலை. ஆனால் ஆறு ஏழானது, அவ்வளவே. வேறு என்ன போடலாம்? யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், அடுத்த மாதம் டாக்டரல் கமிட்டி இருக்கிறது.


ஒத்தக்கடை
புதன், காலை 7.15

தம்பி, நான் சாங்கர் ஆள், டிஎன்ஏ வாசிக்கிற அந்தப் பழைய முறைக்கான கேப்பில்லரி மெஷின் ஓட்டுகிறவன். எங்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. சாயம் லேசருக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கண் இமைக்கிற நேரத்துக்குக் கடந்து போய்விடும், அதற்குள் எவ்வளவுதான் வெளுக்கும். எங்கள் பஞ்சாயத்து எல்லாம் மெஷினுக்கு வெளியேதான். சாயம் இருக்கிற டியூபை டியூப்லைட்டுக்குக் கீழே திறந்து வைப்பது, பழைய ஃபார்மமைடு, ஏசி நின்றுபோன மதியத்தில் பிளேட்டை மேசையிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது, இப்படி. முதலில் எல்லாவற்றையும் அலுமினியம் ஃபாயிலில் சுற்றுங்கள். நான் லஞ்ச் பாக்ஸையே ஃபாயில் சுற்றி வைக்கிற அளவுக்குப் பழகிவிட்டேன்.


பழைய_சர்வீஸ்
புதன், காலை 9.02

போடுவதை அப்புறம் பார்க்கலாம், முதலில் எடுப்பதைப் பற்றிப் பேசுவோம். கேமரா எக்ஸ்போஷர் எவ்வளவு? எல்இடி எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது? கையால் சுவிட்ச் போடுகிறாயா, கேமராவே தட்டுகிறதா? ஃபோகஸ் எப்படிச் செய்கிறாய்? ஒரு சுழற்சிக்கு எத்தனை இடம் படம்? இந்த நாலுக்கும் பதில் வராமல் எந்தப் பவுடரும் வாங்காதே. முப்பது வருடம் மைக்ரோஸ்கோப் சர்வீஸ் பார்த்தவன் சொல்கிறேன், வெளுப்பு என்று கூப்பிட்ட இடங்களில் நான் அதிகம் மாற்றியது ஷட்டரைத்தான்.


லேப்_எலி
புதன், காலை 10.48

சார், எக்ஸ்போஷர் 300 மில்லி வினாடி. எல்இடி கையால்தான். ஃபோகஸ் பச்சையில் ஒரு 20 வினாடி ஆகும், அப்புறம் சிவப்பில் மறுபடி ஒரு 20 வினாடி. ஐந்து இடம் எடுக்கிறேன். தம்பி இல்லை அண்ணே, தங்கச்சி. 🙂


பழைய_சர்வீஸ்
புதன், காலை 11.10

அப்படி என்றால் கணக்கைப் பாரும்மா. படத்துக்குத் தேவையான வெளிச்சம் 0.3 வினாடி. நீ கொடுத்தது 20 வினாடிக்கு மேல், அதாவது 60 மடங்குக்கும் அதிகம். பந்தியில் இலை போடுவதற்கு முன்னாலேயே சமையற்கட்டில் சோறு தீர்ந்துவிட்ட கதை. சாயத்துக்கு ஆயுள் என்று ஒன்று உண்டு, அது மணிக்கணக்கு இல்லை, ஃபோட்டான் கணக்கு. நல்ல சாயம் ஒன்று தண்ணீரில் ஏறக்குறைய லட்சம் ஃபோட்டான், நல்ல பஃபரில் (படம் எடுக்கும்போது விடுகிற உப்புக் கரைசல்) பத்து லட்சம் வரை உமிழ்ந்துவிட்டுச் செத்துப்போகும். அந்தச் சேமிப்பை நீ ஃபோகஸ் பார்க்கவே செலவழித்துவிட்டாய்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: கேமராவின் டிரிக்கர் வெளியீட்டிலிருந்து எல்இடி டிரைவருக்கு ஒரு கேபிள். கேமரா திறந்திருக்கும்போது மட்டும் எல்இடி எரியும். டவுன் ஹால் ரோட்டில் அந்தக் கேபிளுக்கு ஒரு டீ, இரண்டு வடை செலவு. ஃபோகஸை நீ படம் எடுக்கப்போகிற இடத்தில் செய்யாதே, பக்கத்தில் ஒரு இடத்தைப் பலி கொடுத்து அங்கே ஃபோகஸ் செய்துவிட்டு நகர்ந்து வா. ஃபோகஸுக்கு வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடு. பெரிய மெஷின்களில் ஃபோகஸுக்கு என்று தனி லேசரே இருக்கும், சாயத்தை எழுப்பாத அலைநீளத்தில்.


வைகைக்கரை
புதன், மதியம் 1.30

எதிர்க்கருத்து சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வெளுக்கிறது என்று வெளிச்சத்தைக் குறைத்தால் சிக்னலும் குறையும், பின்னணி இரைச்சல் அப்படியே இருக்கும், கடைசியில் எதுவும் தெரியாது. நான் என்றால் எல்இடியை முழுசாக ஏற்றி 50 மில்லி வினாடியில் எடுத்துவிட்டுப் போய்விடுவேன். சீக்கிரம் எடு, சீக்கிரம் அணை.


கீழமாசி
புதன், மாலை 6.20

வைகைக்கரை சொல்வதில் பாதி சரி. மிதமான வெளிச்சத்தில் வெளுப்பு மொத்த டோஸைப் பொறுத்தது, 50 மில்லி வினாடியில் ஆறு மடங்கு வெளிச்சமும் 300 மில்லி வினாடியில் ஒரு மடங்கும் ஏறக்குறைய ஒரே கணக்குத்தான். ஆனால் வெளிச்சத்தை ரொம்ப ஏற்றினால் அந்தச் சமன்பாடு உடைந்துவிடும். ஏன் என்று சொல்ல, சாயத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாய மூலக்கூறு ஒளியை விழுங்கி மேல் நிலைக்குப் போகிறது. வழக்கமாகச் சில நானோ வினாடிக்குள் (சை3, சை5 இரண்டுமே அதைவிடவும் வேகம்) ஒளியை உமிழ்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடும். அதுதான் நமக்குத் தெரிகிற சிக்னல். எப்போதாவது ஒரு தடவை வழி தவறி ட்ரிப்லெட் என்ற நிலைக்குள் விழும். அங்கே போனால் சீக்கிரம் வெளியே வராது, மைக்ரோ வினாடி, மில்லி வினாடி கணக்கில் மாட்டிக்கொண்டு கிடக்கும். சாயத்தின் வாழ்க்கையில் அது நீண்ட காலம். அந்த நேரத்தில் தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் வந்து மோதினால், சாயம் தன் சக்தியை அதற்குக் கொடுத்துவிட்டுத் தப்பிவிடும். ஆனால் சக்தி வாங்கிக்கொண்ட ஆக்சிஜன் சிங்லெட் ஆக்சிஜனாக மாறி வெறிபிடித்தது போல அக்கம்பக்கத்தில் இருப்பதை எல்லாம் கடிக்கும். சில சமயம் காப்பாற்றிய சாயத்தையே கடிக்கும். பக்கத்திலிருக்கும் டிஎன்ஏவையும் விடாது. வெளிச்சத்தை ரொம்ப ஏற்றினால், ட்ரிப்லெட்டில் மாட்டியிருக்கிற சாயம் இன்னொரு ஃபோட்டானையும் விழுங்கி இன்னும் மேலே போய்ச் சிதையும். அதனால்தான் "முழுசாக ஏற்று" என்பதற்கு நான் தலையாட்ட மாட்டேன்.

இதில் ஒரு சிக்கலான இடம் உண்டு. ஆக்சிஜன் கொலைகாரனும் அதுதான், ட்ரிப்லெட்டிலிருந்து மீட்கிற ஆளும் அதுதான். அதனால் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போட்டு ஆக்சிஜனை மட்டும் எடுத்துவிட்டால் சாயம் நீண்ட நாள் வாழும், ஆனால் ட்ரிப்லெட்டில் போய் நெடுநேரம் உட்கார்ந்துவிடும், படத்தில் மினுக் மினுக் என்று அணைந்து எரியும். அதற்குத்தான் டிரோலாக்ஸ், அதாவது தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றிய வைட்டமின் ஈ. 2006-இல் ராஸ்னிக், மெக்கின்னி, ஹா மூவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஒற்றை மூலக்கூறு ஆட்கள் எல்லோரும் அதைப் போட ஆரம்பித்தார்கள். இன்னொரு வேடிக்கை, புத்தம் புது டிரோலாக்ஸ் அவ்வளவாக வேலை செய்யாது. கொஞ்சம் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் ஆகி, அதில் ஒரு பங்கு குயினோனாக மாறியிருக்க வேண்டும். ஒன்று எலக்ட்ரான் கொடுக்கும், இன்னொன்று வாங்கும், இரண்டும் சேர்ந்துதான் சாயத்தை ட்ரிப்லெட்டிலிருந்து கீழே இறக்குகின்றன. 2009-இல் டின்னஃபெல்ட் குழு இதை விளக்கியது. பழைய ஊறுகாய்தான் ருசி.

எலி, உன் பஃபர் செய்முறையைப் போடு.


சுங்குடி
புதன், இரவு 8.05

நான் எம்எஸ்சி முடித்துவிட்டு வேலை தேடுகிறேன், இந்த விவாதத்துக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் எங்கள் வீடு சுங்குடிச் சாயப்பட்டறை வீடு. கீழமாசி அக்கா சொன்னதைப் படித்ததும் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. முடிச்சு அவிழ்த்த சேலையை வெயிலில் போட விடமாட்டாள், நிழலில்தான், அதுவும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. ஈரச் சேலை வெயிலில் கிடந்தால் உலர்ந்த சேலையைவிடச் சீக்கிரம் வெளுக்கும் என்பாள். வெளிச்சம் மட்டும் கெடுப்பதில்லை, காற்றும் ஈரமும் சேர்ந்து கெடுக்கின்றன என்று ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது, சிங்லெட் ஆக்சிஜன் என்ற பெயர்தான் தெரியாது.

ஒரு சந்தேகம். பட்டறையில் ஒரு நிறம் மட்டும் போனால் நாங்கள் வெயிலைக் குறை சொல்ல மாட்டோம், தண்ணீரைத்தான் பார்ப்போம். இங்கே சிவப்பு மட்டும்தானே போகிறது?


லேப்_எலி
புதன், இரவு 9.30

அக்கா, பஃபர்: டிரிஸ் பிஹெச் 8, 50 மில்லிமோலார் உப்பு, குளுக்கோஸ் 0.8 சதவீதம், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் மில்லிக்கு 1 மில்லிகிராம், கேட்டலேஸ் மில்லிக்கு 0.04 மில்லிகிராம், டிரோலாக்ஸ் 2 மில்லிமோலார். காலையில் கலந்து வைத்து நாள் முழுக்க ஓட்டுகிறேன்.

கேபிள் போட்டாச்சு சார். ஃபோகஸ் பக்கத்து இடத்தில்தான். பச்சை நன்றாகவே நிற்கிறது. சிவப்பு அதே கதைதான்!


கீழமாசி
புதன், இரவு 10.15

செய்முறை சரிதான், ஆனால் "காலையில் கலந்து நாள் முழுக்க" தவறு. குளுக்கோஸ் ஆக்சிஜனைத் தின்னும்போது குளுக்கோனிக் அமிலம் உண்டாகும், பாட்டில் திறந்திருந்தால் புதிய ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், அமிலமும் கூடிக்கொண்டே போகும், மதியத்துக்குள் பிஹெச் இறங்கிவிடும். பயன்படுத்துவதற்குச் சற்று முன்னால் கலந்து, சிரிஞ்சில் குமிழி இல்லாமல் மூடி வை. அல்லது ஆக்சிஜனை நீக்குகிற இன்னொரு ஜோடியான பிசிஏ, பிசிடிக்கு (ஒரு அமிலம், அதற்கான நொதி) மாறலாம், 2.5 மில்லிமோலார் பிசிஏ, 50 நானோமோலார் பிசிடி, அதை 2008-இல் எய்ட்கென், மார்ஷல், புக்லிசி எழுதினார்கள். ஆனால் இந்த நொதிகளை வாங்கும்போது ஒன்று கவனி. கடையில் விற்கிற ஆக்சிஜன் நீக்கி நொதிகளில் டிஎன்ஏவை வெட்டுகிற நியூக்ளியேஸ் கலந்திருப்பது பரவலாக இருக்கிறது என்று 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. சாயத்தைக் காப்பாற்றப் போய் இழையை அறுத்துக்கொள்ளாதே.

உன் குழாய் என்ன, சிலிக்கோனா? அப்படியானால் ஆக்சிஜன் அதன் சுவர் வழியாகவே உள்ளே நுழையும். சிலிக்கோன் ஆக்சிஜனுக்குச் சல்லடை. நீ பஃபரில் எவ்வளவு நொதி போட்டாலும் குழாய் வேறு பக்கம் நிரப்பிக்கொண்டிருக்கும். பீக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாய் போடு.

ஆனால் சுங்குடி கேட்ட கேள்வி சரியான கேள்வி, நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். ஒவ்வொரு சுழற்சியிலும் நீ பழைய சாயத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுச் சாயத்தை வைக்கிறாய். போன சுழற்சியில் வெளுத்துப்போன சாயம் இந்தச் சுழற்சியில் இல்லவே இல்லை. அப்புறம் எப்படி வெளுப்பு சுழற்சிக்குச் சுழற்சி கூடிக்கொண்டே போகும்? வெளுப்பு என்றால் ஒரே சுழற்சிக்குள் ஒரே இடத்தை ஐந்து தடவை எடுத்தால் முதல் படத்துக்கும் ஐந்தாவது படத்துக்கும் இடையில் இறங்க வேண்டும், அடுத்த சுழற்சியில் மறுபடி மேலே வர வேண்டும். ரம்பப் பல் மாதிரி. உன் வரைபடம் எப்படி இருக்கிறது? சுழற்சி வாரியாக எண் போடு.


லேப்_எலி
வியாழன், காலை 8.50

முதல் சுழற்சியை 100 என்று வைத்துக்கொண்டால், சிவப்பு: 100, 52, 44, 37, 30, 24. பச்சை: 100, 97, 93, 90, 86, 83. கேபிள் போட்ட பிறகு எடுத்தது. ஒரே சுழற்சிக்குள் மறுபடி மறுபடி படம் எடுத்தால் சிவப்பு மூன்று, நாலு சதவீதம்தான் இறங்குகிறது.


பழைய_சர்வீஸ்
வியாழன், காலை 9.05

100க்கு அடுத்தது 52. அங்கேயே நில். முதல் சுழற்சிக்கும் இரண்டாவது சுழற்சிக்கும் நடுவில் புதுசாக உள்ளே நுழைந்த ஆள் யார்?


கீழமாசி
வியாழன், காலை 9.12

டிசிஇபி!!

மன்னிக்கவும், கத்திவிட்டேன். டிசிஇபி மாதிரி பாஸ்பீன்கள் சை5-ஐ நேரடியாகப் போய் ஒட்டிக்கொண்டு அணைத்துவிடும். சை5-இன் நடுவில் இருக்கிற சங்கிலியில் சேர்ந்துகொள்ளும், அந்த இடத்தில் இரட்டைப் பிணைப்புகளின் தொடர்ச்சி அறுந்துவிடும், நிறமே போய்விடும். சாயம் சாகவில்லை, வாயை மூடிக்கொண்டிருக்கிறது. புற ஊதா ஒளி பட்டால் டிசிஇபி கழன்று சாயம் மறுபடி எரியும். 2013-இல் ஜுவாங் குழு இதை எழுதியது. சங்கிலி நீளம் குறைந்த சை3 இந்த விஷயத்தில் அவ்வளவு இளிச்சவாய் இல்லை. உன் பச்சை நின்று சிவப்பு மட்டும் விழுவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. நீ போட்டோபிளீச்சிங் என்று மூன்று மாதமாகத் துரத்தியது, கழுவாத பாத்திரத்தை.


வைகைக்கரை
வியாழன், காலை 10.40

நல்ல கதை, ஆனால் நிரூபணம்? சிவப்பு எல்இடி பச்சையைவிடப் பலமாக இருக்கலாம். சை5 உறிஞ்சுவதும் அதிகம், மோலார் கணக்கில் 250,000, சை3 150,000தான். இரண்டுக்கும் ஒரே வெளிச்சம் கொடுத்தாலும் சை5தான் அதிகம் அடி வாங்கும். நான் இன்னும் வெளுப்புப் பக்கம்தான்.


கீழமாசி
வியாழன், காலை 11.25

நியாயமான கேள்வி. மூன்று சோதனை, ஒரு பகலில் முடிந்துவிடும்.

ஃப்ளோ செல்லில் இதுவரை வெளிச்சமே படாத மூலை ஒன்றைத் தேர்ந்தெடு. ஆறாவது சுழற்சியில் அங்கே போய் ஒரே ஒரு படம். அங்கேயும் சிவப்பு மங்கலாக இருந்தால் ஒளி குற்றவாளி இல்லை, ஏனென்றால் ஒளி அந்த ஊருக்கே போகவில்லை.

இரண்டாவது, சுழற்சியே பார்க்காத புது வாய்க்காலில் சை5 கட்டிய ஒலிகோவை (சின்ன டிஎன்ஏ துண்டு) மட்டும் பதித்து, ஒரு தடவை கையால் கலந்த பஃபரை பிப்பெட்டில் விட்டுப் படம் எடு, இன்னொரு தடவை அதே பஃபரை உன் வால்வு வழியாக விட்டுப் படம் எடு. வால்வு வழியாக வந்தது மங்கினால் டிசிஇபி எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

மூன்றாவது, மங்கிய இடத்தில் கொஞ்சம் புற ஊதா காட்டு. சிவப்பு திரும்பி வந்தால் வழக்கு முடிந்தது. இதை நீ தூக்கிப் போடப்போகிற இடத்தில் மட்டும் செய், புற ஊதா டிஎன்ஏவைக் கெடுக்கும்.


ஒத்தக்கடை
வியாழன், மதியம் 2.10

நடுவில் ஒரு அசட்டுக் கேள்வி. அந்தப் பெரிய மெஷின்கள் எல்லாம் நூறு, நூற்றைம்பது சுழற்சி ஓடுகின்றனவே, அவற்றுக்கு இதெல்லாம் வராதா?


கீழமாசி
வியாழன், மாலை 5.45

அசட்டுக் கேள்வி இல்லை அண்ணே. அவர்களுக்கும் வரும், எல்லாவற்றுக்கும் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். சொலெக்ஸா வழி என்று இன்று எல்லோரும் பயன்படுத்துகிற முறையை கேம்பிரிட்ஜில் ஆரம்பித்த இருவரில் ஒருவர், சங்கர் பாலசுப்பிரமணியன், சென்னையில் பிறந்தவர். கம்பெனி 1998-இல் தொடங்கியது, 2007-இல் இல்லுமினா கைக்குப் போனது. அதில் ஒரு இழையைச் சுமார் ஆயிரம் நகல் எடுத்து ஒரு கொத்தாக வைப்பார்கள், அதனால் அதில் நாலு சாயம் வெளுத்தாலும் கொத்து தெரியும். படம் எடுக்கும்போது விடுகிற பஃபரில் சோடியம் அஸ்கார்பேட், நம் வைட்டமின் சியின் உப்பு, இருக்கும். 2008-இல் அவர்கள் நேச்சரில் எழுதிய கட்டுரையிலேயே அது இருக்கிறது. நொதி கிடையாது, குளிர்சாதனத் தொல்லை குறைவு, விலையும் குறைவு.

ஆனால் அவர்களுக்கும் தீராத ஒன்று இருக்கிறது, எலி, இது உன் பச்சைக்கும் பொருந்தும். உன் பச்சை 100-லிருந்து 83க்கு இறங்கியதும் சாயம் வெளுத்ததால் இல்லை, சாயம்தான் ஒவ்வொரு தடவையும் புதிதாயிற்றே. இழையே குறைந்துகொண்டு வருகிறது. ஒளி பட்ட சாயம் பக்கத்து டிஎன்ஏவைச் சுடுகிறது, சுடுபட்ட இழை அடுத்த எழுத்தை வாங்காது. கொஞ்சம் இழைகள் கண்ணாடியிலிருந்தே கழன்று போகும். இதற்குத்தான் டோஸைக் குறைப்பதும் அஸ்கார்பேட்டும். வெளிச்சம் படாத மூலையில் பச்சையையும் அளந்து பார், எவ்வளவு ஒளியால், எவ்வளவு கழன்றதால் என்று பிரித்துவிடலாம்.

பின்னால் வந்த இரண்டு நிற மெஷின்களில் நாலு படத்துக்குப் பதில் இரண்டு படம்தான், அங்கே டிஎன்ஏவின் நாலு எழுத்தில் ஜிக்கு மட்டும் சாயமே கிடையாது, இருட்டுதான் ஜி. அதனால் சிக்னல் செத்துப்போன இடத்தையும் மெஷின் ஜி ஜி ஜி என்று வாசித்துக்கொண்டே போகும். ரீடின், அதாவது மெஷின் வாசித்த எழுத்து வரிசையின் கடைசியில் ஜி வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.


சுங்குடி
வியாழன், மாலை 6.30

வைட்டமின் சியா! அப்படியானால் ஒரு கிலோ பெரிய நெல்லிக்காய் வாங்கிப் பிழிந்துவிடலாமே. 😄


பழைய_சர்வீஸ்
வியாழன், மாலை 7.00

சிரிப்புக்குச் சொன்னாலும் யாராவது மெடிக்கல் ஷாப் மாத்திரையைக் கரைத்து விட்டுவிடுவார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன். அஸ்கார்பேட்டும் இரும்பு, செம்புத் துணுக்கும் ஆக்சிஜனும் ஒன்றாகச் சேர்ந்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் உண்டாகி டிஎன்ஏவை நறுக்கிவிடும். காப்பாற்ற வந்தவனே கத்தியை எடுத்த கதை. சுத்திகரித்த தண்ணீர்தான், போர் தண்ணீர் கிட்டேயே வரக்கூடாது, உலோகத் துணுக்கைப் பிடித்து வைக்கக் கொஞ்சம் இடிடிஏ போட வேண்டும். அமிலமாக வாங்காதே, சோடியம் உப்பாக வாங்கு, இல்லையென்றால் பிஹெச் சரிந்துவிடும். அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும். மஞ்சளாகிவிட்டால் கீழே ஊற்று.


லேப்_எலி
சனி, இரவு 12.20

நேற்று மதியம் கரண்ட் போய் ஒரு ஓட்டம் வீணாகிவிட்டது, அதனால் தாமதம்.

முதல் சோதனை: வெளிச்சமே படாத மூலை, ஆறாவது சுழற்சி. சிவப்பு 27. ஒளி பட்ட இடத்தில் 24. பச்சை, படாத மூலையில் 94, பட்ட இடத்தில் 83.

இரண்டாவது: பிப்பெட்டில் விட்டது பளிச். வால்வு வழியாக விட்டது பாதிதான்.

மூன்றாவது: பழைய ஜெல் பார்க்கிற புற ஊதா விளக்கை ஒரு நிமிடம் காட்டினேன். சிவப்பு திரும்பி வந்தது அக்கா!! முழுசாக இல்லை, ஆனால் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு. நைட்டு பதினொரு மணிக்கு லேபில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன், வாட்ச்மேன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம். சாயம் வெளுத்தது எனக்குத்தான்.


வைகைக்கரை
சனி, காலை 7.40

ஒத்துக்கொள்கிறேன், 27க்கும் 24க்கும் உள்ள வித்தியாசம்தான் ஒளியின் பங்கு. ஆனால் பச்சையில் 94க்கும் 83க்கும் நடுவில் இருக்கிற 11 ஒளியின் வேலைதானே, அதையும் சும்மா விடக்கூடாது.


பழைய_சர்வீஸ்
சனி, காலை 8.15

வால்வுப் படம் போடு. டிசிஇபியும் படப் பஃபரும் ஒரே பொதுக் குழாய் வழியாகத்தானே வருகின்றன?


லேப்_எலி
சனி, காலை 9.50

ஆமாம் சார். ஆறு வழி வால்வு, அதற்கப்புறம் ஒரே குழாய், ஒரு முழ நீளம், சிலிக்கோன். கழுவுவது ஃப்ளோ செல்லின் கொள்ளளவில் மூன்று மடங்கு. குழாயின் கொள்ளளவை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை, இப்போது அளந்து பார்த்தால் ஃப்ளோ செல்லைவிடக் குழாய்தான் பெரியது.


பழைய_சர்வீஸ்
சனி, காலை 10.05

அப்போது நீ கழுவியது குழாயைத்தான், ஃப்ளோ செல்லை இல்லை. பொதுக் குழாயை விரற்கடை அளவுக்குக் குறை, பீக் போடு, கழுவலை மொத்தக் கொள்ளளவில் பத்து மடங்காக்கு. படப் பஃபருக்குத் தனி வழி வைத்து, ஃப்ளோ செல்லின் வாயிலேயே ஒரு டீ இணைப்பில் (T வடிவக் குழாய் மூட்டு) கொண்டு வந்து சேர். டீயில் செத்த மூலை இருக்கக்கூடாது, அங்கேதான் இதெல்லாம் குடியிருக்கும்.


கீழமாசி
சனி, காலை 11.30

இன்னொன்று. மிச்சமிருக்கிற டிசிஇபி சை5-ஐ அணைப்பதோடு நிற்காது, நீ அடுத்து வைக்கிற சாயத்தின் கொக்கியையும் படம் எடுப்பதற்கு முன்பே வெட்ட ஆரம்பிக்கும். உன் கொக்கி டைசல்ஃபைடு (இரண்டு கந்தக அணுக்களின் பிணைப்பு) என்றால் வெட்டிய பிறகு இழையில் தயோல் என்ற கந்தக முனை மிஞ்சும், அதை அயோடோஅசிட்டமைடு விட்டு மூடிவிடு. ஆனால் டிசிஇபி மிச்சம் இருக்கும்போது அயோடோஅசிட்டமைடை விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், அதனால் முதலில் கழுவல், அப்புறம் அது. அது ஒளியில் கெடும், ஒத்தக்கடை அண்ணன் ஃபாயில் இங்கே உதவும்.


ஒத்தக்கடை
சனி, காலை 11.42

ஆக ஃபாயில் வீண்போகவில்லை.


லேப்_எலி
அடுத்த வியாழன், இரவு 10.10

குழாயை மாற்றினேன், டீயும் போட்டாச்சு, கழுவல் பத்து மடங்கு (ஒரு சுழற்சிக்கு நாலு நிமிடம் கூடிவிட்டது, பரவாயில்லை). நொதிகளை எல்லாம் நிறுத்திவிட்டு சோடியம் அஸ்கார்பேட் 50 மில்லிமோலார், இடிடிஏ, டிரிஸ், அவ்வளவுதான். எக்ஸ்போஷர் 200 மில்லி வினாடி, கேமராவே எல்இடியைத் தட்டுகிறது, ஐந்து இடத்துக்குப் பதில் மூன்று இடம்.

இரண்டாவது சுழற்சியில் சிவப்பு 98. பன்னிரண்டாவதில் 85. இருபதாவதில் 74. பச்சை இருபதாவதில் 79. வெளிச்சம் படாத மூலையில் இரண்டும் 88 பக்கம், அதனால் இப்போது இழை கழன்று போவதும் பெரிய இழப்புதான், அதற்கு இன்னொரு விவாதம் ஆரம்பிக்க வேண்டும்போல. கைடிடம் வரைபடத்தைக் காட்டினேன். "நான்தான் சொன்னேனே, ஆன்டி-ஃபேட் போட்டால் சரியாகிவிடும் என்று" என்றார்.


பழைய_சர்வீஸ்
அடுத்த வியாழன், இரவு 10.25

சிரித்துவிட்டுப் போ. பயோட்டின் ஒரே முனையிலா, இரண்டு முனையிலா? இரட்டை பயோட்டின் ஒலிகோ கிடைக்கும், அது இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். புது விவாதம் ஆரம்பி, வருகிறேன்.


ஒத்தக்கடை
வெள்ளி, காலை 6.55

தங்கச்சி, நொதியை எல்லாம் நிறுத்திவிட்டேன் என்றாயே, மிச்சமிருக்கிற டிரோலாக்ஸ் புட்டி யாருக்காவது வேண்டுமா என்று கேட்க மாட்டாயா? நாகமலைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன், அப்படியே வாங்கிக்கொள்கிறேன். பழசாக இருந்தாலும் சரி, பழசுதான் நல்லதாமே.